ஆபத்தைக் கூட்டும் மரபணுவே மருந்துக்கும் குறுக்கே நிற்கும்போது

2024 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையின் நிபுணர் குழு, லெகனெமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு ஒப்புதல் வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. நான்கு மாதங்களுக்கு முன்னர், ஜூலையில், அதே குழு அதே மருந்தை மறுத்திருந்தது. இடையில் மருந்து மாறவில்லை. அதை யாருக்குக் கொடுக்கலாம் என்ற வரையறைதான் மாறியது. ஏ.பி.ஓ.இ. என்ற மரபணுவின் இ4 வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களை விலக்கிவிட்டு, அவ்வடிவம் ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கும் அறவே இல்லாதவர்களுக்கும் மருந்தைத் தரலாம் என்று குழு முடிவு செய்தது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் அந்த வரையறையுடனேயே அனுமதி அளித்தது.

இம்முடிவில் வேதனையான முரண் ஒன்று இருக்கிறது. இ4 வடிவத்தை இரட்டையாகக் கொண்டவர்களே அல்சைமர் நோய்க்கு மிக எளிதில் ஆளாகிறவர்கள். மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஆளாகிறவர்கள். நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்துகள் வந்து சேர்ந்தபோது, அவை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே மிகுந்த ஆபத்தாகவும் அமைந்துவிட்டன. இது எப்படி நேர்ந்தது என்று புரிந்துகொள்ள, இந்நோயின் மரபணு ஆராய்ச்சி இரண்டு வெவ்வேறு தடங்களில் நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய மருந்துகள் முதல் தடத்தில் பிறந்தவை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் ஆபத்தோ இரண்டாவது தடத்தில் இருக்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் ட்யூபிங்கன் நகரில் நடந்த கூட்டமொன்றில், நினைவும் சிந்தனையும் சிதைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட இரண்டு மாற்றங்களை விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள் இருந்தன. நரம்பணுக்களுக்கு உள்ளே சிக்குண்ட இழைகள் இருந்தன. படிவுகள் அமைலாய்டு பீட்டா என்ற சிறு புரதத் துண்டுகளால் ஆனவை என்பதும், இழைச் சிக்கல்கள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்பதும் 1980களில்தான் தெளிவாயின. அமைலாய்டு படியத் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே மறதி வெளியில் தெரிகிறது. டௌ சிக்கல்கள் மூளையில் பரவும் வேகத்தோடுதான் அறிவாற்றலின் சரிவு நெருக்கமாக ஒத்துப்போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 5.7 கோடிப் பேர் மறதிநோய்களுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அல்சைமர் காரணமாகவோ, காரணங்களில் ஒன்றாகவோ இருக்கிறது.

முதல் தடம் அரிய குடும்பங்களிலிருந்து தொடங்கியது. அதற்கு முன்பே டவுன் நோய்க்குறி ஒரு குறிப்பைத் தந்திருந்தது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமையப் பிறந்தவர்களுக்கு நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருடைய மூளையிலும் அமைலாய்டு படிந்துவிடுகிறது. 1987இல் அமைலாய்டின் மூலப் புரதத்தை உருவாக்கும் ஏ.பி.பி. மரபணு அதே 21ஆம் குரோமோசோமில் இருப்பது கண்டறியப்பட்டபோது காரணம் விளங்கியது: மரபணு மூன்றாக இருந்தால் மூலப் புரதமும் கூடுதலாக உற்பத்தியாகிறது. 1991இல் லண்டன் ஆய்வாளர்கள், தலைமுறை தலைமுறையாக ஐம்பதுகளில் நோய் கண்ட ஒரு குடும்பத்தில் ஏ.பி.பி. மரபணுவின் பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். 1995இல் 14ஆம் குரோமோசோமிலுள்ள பிரசெனிலின் 1, முதலாம் குரோமோசோமிலுள்ள பிரசெனிலின் 2 ஆகிய இரண்டு மரபணுக்களும் அடையாளம் காணப்பட்டன. பிரசெனிலின் என்பது மூலப் புரதத்தை நறுக்கும் நொதியின் வெட்டும் பகுதி. கத்தரிக்கோல் சற்றுப் பிசகினால், எளிதில் ஒட்டிக்கொள்ளும் நீளமான துண்டுகள் கூடுதல் விகிதத்தில் உண்டாகின்றன.

இம்மூன்று மரபணுக்களில் நோயை உண்டாக்கும் பிறழ்வு ஒன்று இருந்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சில விதிவிலக்குகள் தவிர, நோய் வந்தே தீரும். அதுவும் பெரும்பாலும் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகளுக்குள் வரும். பெற்றோரில் ஒருவருக்குப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. ஆனால் அல்சைமர் நோயாளிகள் அனைவரையும் எடுத்துக்கொண்டால், இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவே.

எண்ணிக்கையில் மிகச் சிலரான இக்குடும்பங்கள்தான் மருந்து ஆராய்ச்சியின் திசையைத் தீர்மானித்தன. லெகனெமாபின் பிறப்பே இதற்குத் தக்க சான்று. வடக்கு சுவீடனில் ஒரு குடும்பத்தினரிடம் ஏ.பி.பி. மரபணுவில் ஆர்க்டிக் பிறழ்வு எனப் பின்னர் பெயரிடப்பட்ட மாற்றத்தை உப்சாலா பல்கலைக்கழகத்தின் லார்ஸ் லான்ஃபெல்ட் குழுவினர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அக்குடும்பத்தில் நோய் கண்டவர்களிடம் அமைலாய்டின் மொத்த அளவு கூடவில்லை. படிவாக மாறுவதற்கு முந்திய இடைநிலையில், கரைந்த வடிவில் மிதக்கும் முன்னிழைகளே வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக உண்டாயின. அப்படியானால் நரம்பணுக்களைக் கெடுப்பது முற்றிய படிவைக் காட்டிலும் இந்த முன்னிழைகள்தாமோ என்ற கேள்வி எழுந்தது. அவற்றைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்றை அந்த ஆய்வகம் உருவாக்கியது. அதுவே பிறகு லெகனெமாப் ஆயிற்று. ஒரு குடும்பத்தின் துயரம் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளில் மருந்தாக மாறியது என்று சொன்னால் அது மிகையில்லை. மறுபுறத்திலிருந்தும் ஓர் ஆதாரம் வந்தது: 2012இல் ஐஸ்லாந்து மக்களிடம் கண்டறியப்பட்ட ஏ.பி.பி. மாற்றமொன்று அமைலாய்டு உற்பத்தியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கிறது. அதை உடையவர்கள் முதுமையிலும் அல்சைமரிலிருந்து பாதுகாக்கப்படுகிறார்கள்.

இரண்டாவது தடம் 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஆலன் ரோசஸ் குழுவினரிடம் தொடங்கியது. 19ஆம் குரோமோசோமிலுள்ள ஏ.பி.ஓ.இ. மரபணுவை அதுவரை கொழுப்பு ஆராய்ச்சியாளர்களே அறிந்திருந்தார்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று பலர் தொடக்கத்தில் ஐயப்பட்டார்கள். அம்மரபணுவுக்கு மனிதரிடையே மூன்று பொதுவான வடிவங்கள் உண்டு: இ2, இ3, இ4. 299 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 112ஆம், 158ஆம் இடங்களில் மட்டுமே இம்மூன்றும் வேறுபடுகின்றன. இ3 வடிவமே எங்கும் மிகுதி. அதிலிருந்து இ4 வேறுபடுவது ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான். அவ்வளவு சிறிய மாற்றம், பிற்கால அல்சைமர் நோய்க்கு இதுவரை அறியப்பட்ட பொதுவான மரபணுக் காரணிகளிலேயே மிக வலியதாக இருக்கிறது.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இ4 ஒன்று இருந்தால் நோய் வரும் வாய்ப்பு, இ3 இரட்டையாக உள்ளவர்களைவிட மூன்று, நான்கு மடங்காகிறது. இ4 இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ உயர்கிறது. இ2 வடிவம் மாறாக ஆபத்தைக் குறைக்கிறது. இந்த மடங்குக் கணக்கு பலரை வீணாக அச்சுறுத்தும் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இ4 இரண்டு உள்ளவர்களில் 85 வயதுக்குள் நோய் வெளிப்படுகிறவர்களின் பங்கை, ஆய்வுகள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் பாதிக்கும் மேல் வரை வெவ்வேறாக மதிப்பிடுகின்றன. அதாவது இ4 இரண்டு இருந்தும் அறிவுத் தெளிவோடு எண்பதுகளைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இ4 அறவே இல்லாமல் நோயுற்றவர்களும் பலர் இருக்கிறார்கள். 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இ4 இரட்டையாக உள்ளவர்கள் ஏறத்தாழ அனைவருக்கும் 65 வயதுக்குள் மூளையில் அமைலாய்டு மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று காட்டி, இதையும் நோயின் ஒரு மரபணு வகையாகவே கருதலாம் என்று வாதிட்டது. மூளையில் மாற்றம் தெரிவதும் மறதி வருவதும் ஒன்றல்ல என்று மறுத்தவர்களின் பக்கமே எனக்கு நியாயம் கூடுதலாகத் தெரிகிறது.

இ4 எல்லா மக்களிடமும் ஒரே வலிமையோடு செயல்படுவதும் இல்லை. கிழக்காசிய வம்சாவளியினரிடம் அதன் தாக்கம் ஐரோப்பியரிடம் உள்ளதைவிட வலுவாகவும், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வலுக்குறைந்தும் காணப்படுகிறது. நைஜீரியாவின் இபாதான் நகரில் யொருபா முதியோரிடையே நடந்த நெடுங்கால ஆய்வில், இ4 பரவலாக இருந்தும் நோயுடன் அதன் தொடர்பு மிகவும் மங்கலாகவே இருந்தது. மரபணு ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அந்தக் கணக்குகளை உலகின் மற்ற மக்களுக்கு அப்படியே பொருத்துவது பிழையில் முடியும்.

இ4 என்னதான் செய்கிறது? மூளையில் ஏ.பி.ஓ.இ. புரதத்தைப் பெரும்பாலும் உருவாக்குபவை ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவ அணுக்கள். கொலஸ்ட்ராலையும் பிற கொழுப்புகளையும் பொதிந்து நரம்பணுக்களுக்குக் கொண்டுசேர்ப்பது அப்புரதத்தின் முதன்மைப் பணி. இ4 புரதம் கொழுப்பைப் பொதிவதில் பின்தங்குகிறது. அமைலாய்டை அப்புறப்படுத்துவதிலும் மந்தமாக இருக்கிறது. ஆகவே அமைலாய்டு முன்னதாகவே படியத் தொடங்குகிறது. அத்துடன் நிற்பதில்லை. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்லியாவை அழற்சியின் பக்கம் தள்ளுகிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கசியச் செய்கிறது. நரம்பிழைகளுக்கு உறையிடும் அணுக்களில் கொலஸ்ட்ரால் தவறான இடத்தில் தேங்கவும் காரணமாகிறது. ஒரு புரதம் இத்தனை வழிகளில் தீங்கு செய்வதால்தான், எந்த வழியை அடைத்தால் நோய் நிற்கும் என்று சொல்வது கடினமாகிறது.

இங்கே கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியாது. அந்நாட்டின் அந்தியோக்கியா மாநிலத்தில், ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட பெருங்குடும்பமொன்றில் பிரசெனிலின் 1 பிறழ்வு பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. பிறழ்வு உள்ளவர்களுக்கு நாற்பதுகளின் நடுவில் அறிவாற்றல் குறையத் தொடங்கி, ஐம்பதை நெருங்கும்போது மறதிநோய் முழுமையாகிறது. 2024இல் மறைந்த நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லொபேரா தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்குடும்பத்தாருக்குச் செலவிட்டார். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பிறழ்வு இருந்தும் எழுபதுகளில்தான் குறைபாடு தெரிந்தது. அவருடைய மூளை நிறைய அமைலாய்டு இருந்தது; டௌ மட்டும் மிகக் குறைவாகவே பரவியிருந்தது. ஏ.பி.ஓ.இ. மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் எனப்படும் அரிய மாற்றத்தை அவர் இரட்டையாகப் பெற்றிருந்தார் என்று 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பிறகு அதே குடும்பத்தில் அம்மாற்றம் ஒன்று மட்டும் உள்ள 27 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுக்கும் நோய் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியது தெரிந்தது.

முதல் தடத்தின் மிகக் கொடிய பிறழ்வை இரண்டாம் தடத்தின் ஒரு சிறு மாற்றம் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பதே இதன் பொருள். அமைலாய்டு தொடங்கிவைத்தாலும், அது டௌவாகவும் மறதியாகவும் வளர்வதற்கு இடையில் ஏ.பி.ஓ.இ. ஒரு வாயிலாக நிற்கிறது. மருந்து ஆராய்ச்சிக்கு இதைவிட ஊக்கமளித்த நோயாளி அறிக்கை அண்மைக் காலத்தில் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இவ்விரண்டு தடங்களுக்கும் வெளியே சிறிதளவு ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மரபணு இடங்கள் பல உண்டு. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அத்தகைய 75 இடங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் டிரெம்2 தனித்து நிற்கிறது. மைக்ரோக்லியாவின் மேற்பரப்பிலுள்ள இந்த ஏற்பியில் நிகழும் ஓர் அரிய மாற்றம், ஆபத்தை இரண்டு முதல் நான்கு மடங்கு கூட்டுகிறது என்று 2013இல் தெரியவந்தது. மூளையின் எதிர்ப்பாற்றல் இந்நோயில் வெறும் பார்வையாளராக இல்லை என்பதற்கு அதுவே உறுதியான சான்றாயிற்று. டிரெம்2ஐத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள் ஒன்று சோதிக்கப்பட்டு, 2024இல் பலனின்றி முடிந்தது.

மருந்துகளுக்கு வருவோம். 1990களிலிருந்து புழங்கும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகியவையும், பின்னர் வந்த காலன்டமினும் மெமான்டினும் அறிகுறிகளைச் சிறிது காலம் தணிப்பவை. நரம்பணுக்கள் அழிவதை அவை நிறுத்துவதில்லை. அமைலாய்டையே குறிவைத்த முயற்சிகள் இருபது ஆண்டுகள் தொடர்ந்து தோற்றன. முதல் தடுப்பூசி மூளை அழற்சியை உண்டாக்கியதால் 2002இல் கைவிடப்பட்டது. அமைலாய்டின் மூலப் புரதத்தை நறுக்கும் நொதிகளைத் தடுத்த மாத்திரைகள் சிலரின் அறிவாற்றலை மேலும் மோசமாக்கின. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுகானுமாப், பலன் குறித்த கடும் சர்ச்சைக்குப் பின் 2024இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

லெகனெமாபும், அதைப் போலவே அமைலாய்டைப் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருளான டொனனெமாபும் இவற்றிலிருந்து வேறுபட்டன. 1,795 பேர் கலந்துகொண்ட லெகனெமாப் சோதனையில், பதினெட்டு மாத முடிவில் மருந்து பெற்றவர்களின் சரிவு, மருந்துப்போலி பெற்றவர்களின் சரிவைவிட 27 விழுக்காடு குறைவாக இருந்தது. 18 புள்ளி கொண்ட அளவுகோலில் அது 0.45 புள்ளி வேறுபாடு. நோயின் போக்கை மருந்தால் மாற்ற முடியும் என்று முதன்முதலாக ஐயமின்றி நிறுவிய முடிவு என்ற வகையில் அது பெரிது. ஒரு குடும்பம் தன் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய மாற்றமா என்று கேட்டால் அது சிறிது. இரண்டுமே உண்மை. இம்மருந்துகள் இழந்த நினைவை மீட்டுத் தருவதில்லை; நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இ4 மீண்டும் நுழைகிறது. இ4 உள்ளவர்களுக்கு அமைலாய்டு மூளைத் திசுவில் மட்டுமன்றி, இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் மிகுதியாகப் படிகிறது. எதிர்ப்பொருள் அந்தப் படிவையும் பற்றி இழுக்கும்போது குழாய்ச் சுவர் தளர்ந்து, நீர் கசிந்து மூளை வீங்குகிறது. சில இடங்களில் நுண்ணிய இரத்தக்கசிவும் ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு இது எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டுமே தெரிந்து தானாக மறைகிறது, சிலருக்குத் தலைவலி, குழப்பம், வலிப்பு வருகின்றன, உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. லெகனெமாப் சோதனையில் இத்தகைய வீக்கம் இ4 இல்லாதவர்களில் 5.4 விழுக்காட்டினருக்கும், ஒன்று உள்ளவர்களில் 10.9 விழுக்காட்டினருக்கும், இரண்டு உள்ளவர்களில் 32.6 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. டொனனெமாப் சோதனையில் இ4 இரட்டையாக உள்ளவர்களிடம் அது 40 விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இவர்களை விலக்கவில்லை. சிகிச்சை தொடங்குமுன் ஏ.பி.ஓ.இ. பரிசோதனை செய்து ஆபத்தை எடுத்துரைக்க வேண்டும் என்று மருந்தின் உறையிலேயே கடும் எச்சரிக்கை வைத்தது. ஐரோப்பா வாயிலை அடைத்தது. நன்மை குறைவாகவும் தீங்கு கூடுதலாகவும் உள்ள ஒரு குழுவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய முடிவே கவனமானது என்று கருதுகிறேன். ஆனால் அதனால் விடுபட்டவர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அம்முடிவு விடை தரவில்லை.

இரண்டு வழிகளில் விடை தேடப்படுகிறது. ஒன்று, மருந்தைக் கொடுக்கும் முறையை மாற்றுவது. டொனனெமாபின் தொடக்க அளவை இன்னும் படிப்படியாக உயர்த்தியபோது, 24 வாரங்களில் வீக்கம் ஏற்பட்டவர்களின் பங்கு 24 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாகக் குறைந்தது. இரும்புச் சத்தை மூளைக்குள் கொண்டுசெல்லும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு நுண்குழாய்கள் வழியே நுழையும் டிரன்டினெமாப் என்ற புதிய எதிர்ப்பொருள், பெரிய குழாய்களின் சுவர்ப் படிவைத் தொடாமல் செல்வதால் வீக்கத்தை மிகச் சிலரிடமே உண்டாக்கியிருக்கிறது; அதன் மூன்றாம் கட்டச் சோதனைகள் நடக்கின்றன.

மற்ற வழி, ஏ.பி.ஓ.இ. மரபணுவையே குறிவைப்பது. இ4 புரதத்தைக் குறைத்தால் மூளை தாங்குமா என்ற அச்சத்துக்கு இயற்கையே ஓரளவு விடை தந்திருக்கிறது. ஏ.பி.ஓ.இ. புரதம் அறவே இல்லாத நாற்பது வயது மனிதர் ஒருவரைப் பற்றி 2014இல் ஓர் அறிக்கை வந்தது. இரத்தக் கொழுப்பு கட்டுக்கடங்காமல் இருந்த அவருடைய அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. இ4 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் அரிய மாற்றங்கள் கொண்டவர்கள் நோயிலிருந்து பாதுகாக்கப்படுவதாகப் பின்னர் வந்த ஆய்வும் காட்டியது. அப்படியானால் இ4 தன் பணியைச் செய்யத் தவறுவதைவிட, தீங்கான ஒன்றைச் செய்கிறது என்பதே பொருத்தமாகப் படுகிறது. மரபணுவின் செய்தியை இடைமறித்து அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. மருந்துகளுக்கும், கிறைஸ்ட்சர்ச் மாற்றத்தின் விளைவைப் போலச் செய்யும் எதிர்ப்பொருள்களுக்கும் இதுவே அடிப்படை.

இதற்கிடையே, நோயில்லாதவர் ஒருவர் தம் இ4 நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. நோயைக் கண்டறிய ஏ.பி.ஓ.இ. பரிசோதனை உதவாது, அதற்கு மூளைப் படங்களும், தண்டுவட நீர்ப் பரிசோதனையும், 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. தக்க ஆலோசனையோடு முடிவைத் தெரிந்துகொண்டவர்களுக்கு நீடித்த மனக்கலக்கம் ஏற்படவில்லை என்று அமெரிக்காவில் நடந்த ரிவீல் ஆய்வு காட்டியது. எனினும் ஒருவரின் முடிவு அவருடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றியும் செய்தி சொல்லிவிடுகிறது; அவர்கள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். இ4 இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, செவித்திறன் குறைவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை ஆகியவற்றைக் கவனிப்பது பயனுள்ளதே. மாற்றத்தக்க 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதிநோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. ஆனால் இ4 இரண்டு உள்ள ஒருவரிடம் நடைப்பயிற்சியை மட்டும் அறிவுறுத்தி அனுப்பிவிடுவது நேர்மையாகாது. அவருடைய ஆபத்தில் பெரும்பங்கு அவர் கையில் இல்லை.

அவர்களுக்காகவே வகுக்கப்பட்ட சோதனை ஒன்று நடந்திருக்கிறது. தீங்கற்ற வைரஸ் ஒன்றின் உள்ளே இ2 மரபணுவை வைத்து, தண்டுவட நீரில் செலுத்தி, இ4 மட்டுமே சுரந்துவந்த மூளையில் இ2 புரதத்தையும் சுரக்கச் செய்யும் மரபணுச் சிகிச்சை அது. சிகிச்சை பெற்றவர்கள் 15 பேர். பலனை அளந்து சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. அவர்களின் தண்டுவட நீரில் இ2 புரதம் தென்பட்டது என்பதும், பலரிடம் டௌ அளவுகள் குறைந்தன என்பதும் மட்டுமே இப்போதைக்குத் தெரிந்தவை. அச்சோதனையில் சேர்வதற்கான முதல் தகுதி, இ4 வடிவம் இரண்டு இருக்க வேண்டும் என்பது.